நீ தானாகத் தூங்கிய பிள்ளை இல்லை

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் எடுத்த பலகைகளைத் திரும்ப மாட்டிவிட்டு, கிள்ளான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். கோலாலம்பூர் போகிற வண்டியின் கார்டு உன்னைத் தெரிந்தவர்தான். "பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம வீட்டுக்குப் போய் ஒரே ஒரு சேதி சொல்லிடுங்க அண்ணே. புள்ளைக்கு எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. அம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் அன்று மத்தியானமே வந்து சொல்லியிருப்பார். ஏன் என்று நீ கேட்டிருப்பாய். அவருக்கு என்ன தெரியும், பாவம். அந்த ஏனுக்குத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் முன்னால் கடிதம், பின்னால் நான்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ரப்பர் விலை விழுந்து, ஆபீசில் உன் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். கமலம் தன் தாய்வீட்டு வளையலை விற்று ஒரு கை மெஷின் வாங்கி, வீட்டிலேயே தைக்க ஆரம்பித்திருக்கிறாள். தைப்பூசத்துக்கு மஞ்சள் உடுப்பு தைத்துத் தருவதாக முப்பது பேரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாள். எட்டு மாதக் குழந்தை மெஷின் பக்கம் போகவிடாமல் அழுகிறான். தைப்பூசத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, வேலை கால்வாசிகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டம்மா குழந்தை தூங்குவதற்கு ஏதோ தருகிறேன் என்கிறாள், கமலம் பயப்படுகிறாள். அதற்கு நீ எழுதியிருக்கிறாய்: "அம்மா, நீங்கள் ஒற்றை ஆளாக என்னையும் பார்த்துக்கொண்டு தைத்தீர்கள். நான் அழாமல் தொட்டிலில் தூங்குவேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். என்னை எப்படித் தூங்க வைத்தீர்கள் என்று கமலத்துக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

எழுதுகிறேன். நீ தானாகத் தூங்கிய பிள்ளை இல்லை. உனக்கு நான் அபின் கொடுத்தேன்.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே, படி. நான் வியாபாரி. பழுது உள்ள துணியை மடிப்புக்குள் மறைத்து விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு தடவை நானே விற்றுமிருக்கிறேன். இந்தப் பழுதை இருபத்துநான்கு வருஷமாக மடிப்புக்குள் வைத்திருந்தேன். இப்போது அதே மடிப்பை நீ உன் பெண்டாட்டியிடம் காட்டி, எங்க அம்மா மாதிரி இரு என்கிறாய். இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால், என் பேரனின் நாக்கில் அதைத் தடவியவளும் நானாகிவிடுவேன்.

அப்போது நாங்களும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தோம், செங்கல் சூளைப் பக்கம், ஒரே ஒரு அறை. உன் அப்பா ரயில் பாதைக் கூட்டத்தோடு வெளியூர் போய்விடுவார், சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அவர் கொண்டுவந்ததில் அடுத்த சனிக்கிழமை வரை ஓடாது. என் கைக்குத் தெரிந்தது ஊசி. மெஷின் எல்லாம் பிறகு வந்தது. முதலில் என்ன தைத்தேன் தெரியுமா? பிறக்கப்போகிற குழந்தைகளுக்குச் சட்டை. நீ பிறந்த புதிது, எனக்குக் குழந்தைச் சட்டை தவிர வேறு நினைப்பில்லை. மெல்லிய மல் துணியில் ஒரு டஜன் தைத்து, கூடையில் அடுக்கி, எந்தெந்த வீட்டில் பெண்கள் மாசமாக இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனேன். முதல் வீட்டிலேயே மாமியார்க்காரி எழுந்து வந்தாள்.

"வயித்துல இருக்கிற புள்ளைக்கு இப்பவே சட்டையா? ஏண்டி, கண்ணு வைக்கவா வந்தே?"

"இல்லக்கா, சும்மா பாருங்க, வாங்க வேணாம்..."

"பாக்கவும் வேணாம். பொறந்த புள்ளைக்கு எங்க வீட்டு ஆம்பளையோட பழைய வேட்டி இருக்கு. அதுலதான் சுத்துவோம். உம் புள்ளைக்கு நீ என்ன சுத்துன, பட்டா?"

உனக்கும் பழைய வேட்டியில்தான் சுற்றியிருந்தேன். பிறக்கிற முன்னே எதுவும் வாங்கக் கூடாது, பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நானும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள்தானே? விற்கவேண்டும் என்ற அவசரத்தில் எனக்குத் தெரிந்ததே எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு சட்டையும் போணியாகவில்லை. ஒவ்வொன்றாக நீதான் போட்டுக் கிழித்தாய்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன், எந்தத் துணியை ஜனங்கள் வாங்காமல் இருக்கவே முடியாது என்று. நேர்த்திக்கடன் துணி. பிள்ளை வரம் கேட்டவர்கள், நோய் தீரக் கேட்டவர்கள் எல்லாரும் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு மஞ்சள் உடுத்திக்கொண்டு போவார்கள். பிறந்த குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். அந்தக் குழந்தைக்கும் ஒரு மஞ்சள் சட்டை வேண்டும், தாய்க்கு ரவிக்கை வேண்டும். வெள்ளைத் துணியை வாங்கி மஞ்சளில் நனைத்து, நிழலில் காயவைத்து, வெட்டித் தைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்றேன். கமலம் செய்திருக்கிறாளே, அதேதான். ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை. தீபாவளி ரவிக்கை ஒரு நாள் தாமதமானால் திட்டிக்கொண்டே வாங்கிப் பொங்கலுக்குப் போட்டுக்கொள்வார்கள். நேர்த்திக்கடன் துணிக்கு மறுநாள் கிடையாது. பூசம் போனால் அது வெறும் மஞ்சள் துணி. அப்படிப்பட்ட வேலையை, தவழ ஆரம்பித்த குழந்தையை வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத அறையில் ஒத்துக்கொண்டேன்.

நீ லேசுப்பட்ட பிள்ளை இல்லை, ராஜா. நூல்கண்டைப் பிடித்து இழுப்பாய், மஞ்சள் தண்ணீரில் கையை விடுவாய். ஒருநாள் உன் வாயிலிருந்து குண்டூசி எடுத்தேன். அதற்குப் பிறகு உன் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, கட்டில் காலில் முடிந்து வைத்தேன். நீ துணி போகிற தூரம் வரை வந்து, அங்கே நின்று என்னைப் பார்த்து அழுவாய். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு தைப்பேன். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அஞ்சலை வந்தாள். அடுத்த அறைக்காரி, சூளையில் கல் சுமப்பவள், நாலு பிள்ளை பெற்றவள். முந்தானையிலிருந்து இலையில் மடித்த ஒரு சின்ன உருண்டையை எடுத்தாள்.

"விரல்ல தொட்டு நாக்குல தடவு, போதும். எம் புள்ளைங்க நாலும் இதுலதான் வளந்துச்சு. நான் கல்லு சுமக்கப் போறப்ப வேற யாரு பாத்துக்குவா, உங்க வீட்டுக்காரரா?"

அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. எனக்கு உதவி செய்ய வந்தவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான். அபின் கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற சரக்கு, அதைத் தொடுவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. நான் தடவினேன். நீ தூங்கினாய். தொட்டில் அசையவில்லை. அன்று மட்டும் ஆறு சட்டை முடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி வந்து, "என்னா அமைதியான புள்ள!" என்றபோது பெருமைப்பட்டுச் சிரித்தேன். நீ அழாத பிள்ளை என்ற பேர் அங்கே ஆரம்பித்தது. நீ பால் குடிப்பது குறைந்ததையும், விழித்தால்கூட என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்ததையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தேன்.

பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, காலை வேளை, கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியம்மா வந்தாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்தவள். ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள், கரும்புத் தொட்டிலுக்கு நேர்ந்துகொண்ட பிள்ளை. அவள் துணி பாதிதான் ஆகியிருந்தது. "ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்" என்றேன். அவள் சட்டையைத் தன் பிள்ளைமேல் வைத்துப் பார்த்தாள், அது நெளிந்தது, உதைத்தது.

"இவன் நிக்க மாட்டான். உங்க புள்ளையும் இந்த வயசுதானே, அதுமேல வச்சுப் பாப்போம்" என்று தொட்டிலுக்குள் கையை விட்டு உன்னைத் தூக்கினாள். உன் தலை பின்னால் தொங்கியது. அவள் உன் முகத்தைப் பார்த்தாள், உதடு நீலமாக இருந்தது.

"அடியே! என்னாடி இது? புள்ள மூச்சு விடுதா?"

நான் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள்தான் தன் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவள்தான் ரிக்‌ஷாவை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உன் காலைத் தட்டிக்கொண்டு, கன்னத்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். நான் அவள் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே டாக்டருக்கு முன்னால் நோயாளிகளைப் பார்க்கிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். உன் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்க?" என்றார்.

"ஒண்ணும் கொடுக்கலைங்க."

"உண்மையைச் சொல்லுங்கோ. என்னவென்று தெரிஞ்சால்தான் டாக்டர் ஏதும் செய்யலாம்."

"தாய்ப்பால்தாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க."

தம்பி, உனக்கு அதைக் கொடுத்தது ஒரு தப்பு. அதற்கு அறியாமை என்று ஒரு பேராவது வைக்கலாம். இந்த இரண்டு பதிலுக்கும் வைக்க என்னிடம் பேரில்லை. உன் மூச்சு போய்க்கொண்டிருந்தது, நான் என் மானத்தைப் பார்த்தேன். இவள் பிள்ளைக்கு அபின் கொடுத்தவள் என்று அந்த மனிதர் எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். மாரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி! நீ என்னாத்தக் கொடுத்தியோ எனக்குத் தெரியாது, ஆனா கொடுத்திருக்கே, உம் மூஞ்சியே சொல்லுது. புள்ள போயிருமடி!" அதற்குப் பிறகுதான் சொன்னேன். டிரெஸ்ஸர் ஒரு வார்த்தை திட்டவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மத்தியானம் தாண்டி நீ அழுதாய். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அழுகை. நர்சம்மா வந்து, சத்தம் போடவிடாதே என்று என்னை அதட்டினார். "அழட்டும்மா, விடுங்க" என்றாள் மாரியம்மா. காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. அவளுடைய துணி பாதியில் நின்றதைச் சொல்லி அழுதேன். "நேந்துக்கிட்டது முருகனுக்கு. அவரு வந்து தையலையா பிரிச்சுப் பாக்கப் போறாரு? உம் புள்ளையப் பாரு" என்றாள். விளிம்பு மடிக்காத மஞ்சள் துணியில் தன் பிள்ளையைச் சுற்றி மலை ஏறினாள். மற்றவர்கள் அப்படி இல்லை. பதினோரு உருப்படி முடியவில்லை. பதினோரு பேரும் வாசலில் வந்து நின்று, சாமி காரியத்தில் விளையாடினாய் என்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். உன் அப்பாவுக்கும் அதையே சொன்னேன். கடைசி வரை அவருக்கு இது தெரியாது.

பிறகு எப்படித் தைத்தேன் என்று கேட்பாய். ஒரு மாதம் ஊசியைத் தொடவில்லை. அதற்குள் மாரியம்மா உன்னைப் பார்க்க வந்தாள். இனி தைக்கப்போவதில்லை என்றேன். அவள் சிரித்தாள். "நாங்க காலையில ரப்பர் சீவ பால்மரக் காட்டுக்குப் போறப்ப புள்ளைங்களை ஆயா கொட்டாயில விட்டுட்டுத்தான் போறோம். அங்க ஒருத்தி உக்காந்து பாத்துக்குவா, அதான் அவளுக்கு வேலை. தோட்டத்துக்காரனுக்கே தெரியுது, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு மரம் சீவ முடியாதுன்னு. நீ என்னா பெரிய இவளா, ரெண்டையும் ஒத்தையா செய்ய?"

அந்தக் கேலிதான் என் கடைக்கு முதல். உன் அப்பாவுக்குக் கிள்ளானில் வேலை மாறியதும், அங்கே ஒரு முன்னறையில் மூன்று பெண்களைச் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தேன். நாலாவதாக ராக்கம்மாவை வைத்தேன். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது. எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. "தைக்காதவளுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று துணி கொண்டுவருகிற செட்டியார்கூடக் கேட்டார். "அவ இல்லேன்னா நாங்க நாலு பேரும் தைக்காதவங்கதான்" என்றேன். நீ அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாய். இன்றுவரை அவள் நமக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொந்தம் இல்லை, சம்பளத்துக்கு இருந்தவள். சொந்தக்காரியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்பது வேறு. இப்போது சொல், என் அம்மா ஒற்றை ஆளாக வளர்த்தாள் என்று கமலத்திடம் சொல்லியிருக்கிறாயே, அந்த ஒற்றை ஆள் யார்? ஒற்றை ஆளாக நான் வளர்த்த மாதங்களில் நீ தொட்டிலில் நீலமாகக் கிடந்தாய். அந்தக் கதையை உனக்குச் சொன்னவள் நானேதான், அதுவும் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னேன். கெட்டிக்காரி என்று பேர் வந்தது. அந்தப் பேர் சரக்கை விற்றுக்கொடுத்தது.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். முப்பதில் கமலத்தால் எத்தனை முடியும் என்று அவளையே கேள். நீ சொல்லாதே, அவள் சொல்லட்டும். அவள் பன்னிரண்டு என்றால் பத்து என்று வைத்துக்கொள். மற்றவர்களில் யாருக்கு வேறு தையற்காரரிடம் போக விருப்பமோ அவர்களிடம் இந்த வாரமே போய்ச் சொல்லிவிடு. மூன்று வாரம் முன்னாலேயே முடியாது என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு என் வாசலில் நின்றவர்களின் முகம் வேறு. மீதியை வெட்டாமல் மூட்டையாகக் கட்டி வை, நான் எடுத்துவந்து கடைப் பெண்களிடம் தைத்து அனுப்புகிறேன். ஆனால் வாடிக்கை கமலத்துடையது. கிள்ளானில் தைத்தது என்று யாரிடமும் நீ பீற்றிக்கொள்ள வேண்டாம். பூசம் முடிந்ததும், காலையில் மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வையுங்கள். துணி, நூல், மஞ்சள் மாதிரி அவளையும் சட்டை விலையில் சேர்க்கச் சொல். தாங்காது என்றால் விலை போதவில்லை என்று அர்த்தம். கமலம் போட்டிருக்கிற விலையை எழுதியிருந்தாயே, அது போதாது. முதலில் நானும் பயந்து பயந்து குறைத்துத்தான் போட்டேன்.

பக்கத்து வீட்டம்மாவோடு சண்டைக்குப் போகாதே. வேண்டாம் என்று மரியாதையாகச் சொல், கேட்டால் காரணத்தையும் சொல். என் பேரைச் சொல்லியே சொல். அவள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கும்.

அடுத்தது நீ. நாலரைக்கு ஆபீஸ் விட்டு ஐந்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறாய். அப்போதிருந்து விளக்கு வைக்கிற வரை பையன் உன்னுடையவன். அழுதால் கமலத்திடம் நீட்டாதே. ரயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போ, காய்கறி வாங்கப் பாசாருக்குத் தூக்கிக்கொண்டு போ. ஆம்பளை பிள்ளை தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று லைன் வீடுகளில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உன் அப்பா ஊரில் இருந்திருந்தால்கூட உன்னைத் தூக்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, கேட்க எனக்குத் தோன்றவுமில்லை. கமலம் கேட்காமல் இருந்தாலும் நீ தூக்கு. பயந்து மருந்தை மறுத்த அந்தப் பெண், உன் அம்மாவைவிட நல்ல தாய். இதை அவளிடம் நீ சொல்லவேண்டும். என்னைப் பெரிதாகவும் அவளைச் சிறிதாகவும் அவள் காதுபட எத்தனை தடவை சொன்னாயோ, அத்தனை தடவை சொல்லவேண்டும்.

கமலத்துக்குப் படிக்கத் தெரியும் என்றாலும் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடாதே. நீ உட்கார்ந்து உரக்க வாசி. அபின் என்று நான் எழுதிய இடத்தையும், டிரெஸ்ஸரிடம் பொய் சொன்ன இடத்தையும் தாண்டிப் போகாமல் வாசி.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருவேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், வழி தெரியும். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அது உனக்குச் சேரவேண்டியதுதான், இரண்டு நாளில் தீரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நான் உள்ளே வந்ததும், பேரன் என்று வழக்கம்போலக் கையை நீட்டமாட்டேன். முதலில் கமலத்தைக் கேள். இவள் கையில் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அவள் சொன்னால் கொடு. அதுவரை நான் மூட்டையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா